கொசு ஏறாத உயரம்

ஹோனலூலு நகரின் பூங்கா ஒன்றுக்குள் நுழையும் தமிழருக்கு அங்குள்ள பறவைகளில் பல ஏற்கெனவே அறிமுகமானவை. புல்தரையில் மைனாக்கள் நடைபோடும். செடிவேலியில் சின்னான் கத்தும். புள்ளிப்புறா, சிட்டுக்குருவி எல்லாம் உண்டு. மைனாவை 1860களில் பயிர் தின்னும் புழுக்களை ஒழிப்பதற்காக இந்தியாவிலிருந்து தருவித்தார்கள். சின்னான் கூண்டுப் பறவையாக வந்து வெளியே பரவியது. பசிபிக் பெருங்கடலின் நடுவே, எந்தக் கண்டத்திலிருந்தும் ஏறக்குறைய 3,700 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஹவாய்த் தீவுகளில் மனிதர் அதிகம் வாழும் இடங்களில் கண்ணில் படுபவை பெரும்பாலும் இப்படி வந்தேறிய பறவைகள்தாம்.

ஹவாய்க்கே உரிய காட்டுப் பறவைகளைப் பார்க்க மலையேற வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினாலும் பல இடங்களில் போதாது. கீழே காடே இல்லை என்பதல்ல காரணம். தாழ்வான சரிவுகள் சிலவற்றில் மரங்கள் இன்னும் அடர்த்தியாகவே நிற்கின்றன. பூ பூக்கிறது, தேன் சுரக்கிறது, பூச்சி இருக்கிறது. அவற்றை உண்ண வேண்டிய பறவைகள் மட்டும் இல்லை. காட்டைக் காப்பாற்றினால் பறவை பிழைத்துக்கொள்ளும் என்று உலகம் முழுக்கச் சொல்லப்படும் கணக்கு ஹவாயில் பொய்த்துப்போகிறது. அதற்குக் காரணம் ஒரு கொசு.

அந்தக் கொசு இந்தத் தீவுகளில் பிறந்ததல்ல. அது வரும்வரை அங்கே கொசுவே கிடையாது.

சுமார் ஐம்பது, அறுபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆசியாவிலிருந்து ஒரு குருவிக் கூட்டம் எப்படியோ கடல் தாண்டி இங்கே வந்து சேர்ந்தது. விதை கொத்தும் சாதாரணக் குருவி இனம்தான். போட்டிக்கு ஆள் இல்லாத தீவுகளில் அதன் வாரிசுகள் ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்களாகக் கிளைத்தன. அலகைப் பார்த்தாலே அந்தக் கிளைப்பு விளங்கும். ஈ-ஈவி என்னும் சிவப்புப் பறவைக்கு நீண்ட குழல் பூக்களுக்குள் நுழைவதற்கென்றே வளைந்த அலகு. மவுயி தீவின் கிவிகியுவுக்குக் கிளியினுடையது போன்ற தடித்த அலகு. சுள்ளியைப் பிளந்து உள்ளேயிருக்கும் புழுவை எடுக்கும். ஹவாயில் மரங்கொத்தி கிடையாது. அந்த வேலையை அகியாபோலா-ஆவு என்னும் மஞ்சள் பறவை எடுத்துக்கொண்டது. அதன் கீழ் அலகு குட்டையாக, நேராக, உறுதியாக இருக்கும். மேல் அலகு அதைப்போல் இரு மடங்கு நீண்டு கொக்கிபோல வளைந்திருக்கும். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கீழ் அலகால் மரப்பட்டையைக் கொத்தித் துளைபோடும். பிறகு மேல் அலகைத் துளைக்குள் விட்டுப் புழுவைக் கொக்கிபோட்டு இழுக்கும். உளியும் கொக்கியும் ஒரே வாயில் வைத்திருக்கும் பறவை உலகில் வேறெங்கும் இல்லை.

இந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்களில் இன்று எஞ்சியிருப்பவை 17 அளவில்தான். அவற்றிலும் பல விளிம்பில் நிற்கின்றன. 2023 அக்டோபரில் அமெரிக்க அரசு 21 உயிரினங்கள் அழிந்துவிட்டதாக அறிவித்து, பாதுகாப்புப் பட்டியலிலிருந்து அவற்றின் பெயர்களை நீக்கியது. அந்த 21இல் எட்டு ஹவாயின் காட்டுப் பறவைகள்.

பழியை முழுக்கக் கொசுவின் மேல் போடுவது நியாயமாகாது. முதலில் குடியேறிய பாலினீசியர்கள் தாழ்நிலக் காட்டைத் திருத்திப் பயிர் செய்தார்கள். அவர்களோடு எலியும் வந்தது. 1778இல் கேப்டன் குக் வந்த பிறகு ஆடு, மாடு, பூனை, கப்பல் எலி, கரும்புத் தோட்டம் என்று ஒவ்வொன்றாக இறங்கின. ஆனாலும் மலைக்காடுகள் பெருமளவு தப்பிப் பிழைத்திருந்தன. அந்தக் காடுகளுக்குள்ளேயே பறவைகள் மடியத் தொடங்கியபோதுதான் வேறு ஏதோ நடக்கிறது என்று புரிந்தது.

1826இல் வெலிங்டன் என்ற கப்பல் மெக்சிகோவிலிருந்து மவுயி தீவின் லஹைனா துறைமுகத்துக்கு வந்தது. குடிநீர் நிரப்பப் போன மாலுமிகள் பீப்பாய்களில் தேங்கியிருந்த பழைய தண்ணீரை ஓடையில் கொட்டினார்கள். அதில் கொசுப்புழுக்கள் இருந்தன. கொஞ்ச நாளில், காதருகே பாடும் புதுப் பூச்சி ஒன்று கடிக்கிறது என்று உள்ளூர் மக்கள் அங்கிருந்த பாதிரிமார்களிடம் முறையிட்டார்கள். அதன் பெயர் கியூலெக்ஸ் குயின்குபேசியேட்டஸ். தமிழ்நாட்டுக்கு இது அந்நியமே அல்ல. சாக்கடையில் பெருகி, இரவில் தூக்கத்தைக் கெடுத்து, யானைக்கால் நோயைப் பரப்பும் அதே கொசு.

கொசு மட்டும் வந்திருந்தால் இவ்வளவு கேடு நேர்ந்திருக்காது. வெளிநாட்டுப் பறவைகளைக் கொண்டுவந்து விடும் பழக்கம் பெருகியபோது, அவற்றின் ரத்தத்தோடு பிளாஸ்மோடியம் ரெலிக்டம் என்னும் பறவை மலேரியா ஒட்டுண்ணியும் வந்தது. 1930இல் ஹோனலூலுவில் இதற்கென்றே ஒரு சங்கம் அமைத்து, பாடும் பறவைகளைப் பல நாடுகளிலிருந்தும் வரவழைத்துப் பறக்கவிட்டார்கள். தாழ்நிலத்தில் சொந்தப் பறவைகள் மறைந்து நிசப்தம் ஆகிவிட்டதே என்ற வருத்தத்தில் செய்த காரியம் அது. பறவைகளை நேசித்தவர்கள் செய்தது என்பதுதான் இதில் மிகவும் வேதனையானது.

இந்த ஒட்டுண்ணிக்கும் கொசுவுக்கும் உள்ள உறவை உலகம் முதலில் அறிந்துகொண்டது இந்தியாவில். ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் மலேரியா நோயாளியைக் கடித்த கொசுவின் வயிற்றில் ஒட்டுண்ணியைக் கண்டார். ஆனால் அது அங்கிருந்து அடுத்த உடலுக்கு எப்படிப் போகிறது என்பது தெரியவில்லை. மறு ஆண்டு கல்கத்தாவில் அவர் மனிதர்களை விட்டுவிட்டுப் பறவைகளை எடுத்துக்கொண்டார். நோயுற்ற குருவியைக் கடித்த கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் ஒட்டுண்ணி வந்து சேர்வதையும், அந்தக் கொசு கடித்த நல்ல குருவிக்கு நோய் தொற்றுவதையும் 1898 ஜூலையில் நிரூபித்தார். 1902இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. அவர் மேசையில் இருந்த கொசு, இன்று ஹவாய்க் காட்டில் பறக்கும் அதே இனம். ஒட்டுண்ணியும் அதுவே.

கல்கத்தாக் குருவிக்கும் ஹவாய்ப் பறவைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கண்டங்களில் வாழும் பறவைகள் எத்தனையோ தலைமுறைகளாக இந்த நோயோடு பழகியவை. பெரும்பாலானவை கொஞ்சம் வாடி, பிறகு தேறிவிடும். ஹவாய்ப் பறவைகளின் முன்னோர்கள் பல லட்சம் ஆண்டுகளாகக் கொசுவையே பார்த்ததில்லை. ஈ-ஈவியை வைத்து நடத்திய பரிசோதனையில், நோய்க்கொசு ஒரே ஒரு முறை கடித்ததற்கே பத்துக்கு ஒன்பது பறவைகள் இறந்தன. ஒட்டுண்ணி ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துத் தள்ள, பறவை உணவைத் தொடாமல் இறகை உப்பிக்கொண்டு கிளையில் உட்கார்ந்துவிடும், பிறகு விழுந்துவிடும். காட்டில் அப்படி விழும் பறவையை எலியோ பூனையோ உடனே தூக்கிப் போய்விடுவதால், சாவு நடந்ததற்கான தடயமே மனிதர் கண்ணுக்குக் கிடைப்பதில்லை. அதனால்தான் இத்தனை காலம் இது கண்டுபிடிக்கப்படாமல் இருந்தது.

1968இல் ரிச்சர்ட் வார்னர் என்ற ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரை இந்த மர்மத்தை உடைத்தது. கொசு இல்லாத லேசான் தீவிலிருந்து குருவிகளைக் கொண்டுவந்து தாழ்நிலத்தில் கூண்டில் வைத்தார். சில கூண்டுகளைக் கொசு புகாதபடி துணியால் மூடினார், சிலவற்றைத் திறந்து விட்டார். மூடிய கூண்டில் இருந்தவை பிழைத்தன. திறந்த கூண்டில் இருந்தவை இறந்தன. சுமார் 600 மீட்டர் உயரத்துக்குக் கீழே சொந்தப் பறவைகள் இல்லாமல் போனதற்குக் கொசுதான் காரணம் என்று அவர் எழுதினார். இவ்வளவு எளிய சோதனை, இவ்வளவு தெளிவான விடை. அதன் மேல் நடவடிக்கை எடுக்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின என்பதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

உயரம் ஏன் காப்பாற்றுகிறது? குளிர்தான் காரணம். வெப்பநிலை 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் கொசுவின் உடலுக்குள் ஒட்டுண்ணி முதிர்வதில்லை. கொசு கடித்தாலும் நோய் தொற்றாது. ஆகவே ஒவ்வொரு மலையிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு உண்டு. அதற்கு மேலே உயிர், கீழே சாவு. புவி சூடாகச் சூடாக அந்தக் கோடு மேலே நகர்கிறது. ஹவாய் பெருந்தீவில் மௌனா கேயா 4,207 மீட்டர் உயரம்; மவுயியில் ஹாலெயாகலா 3,055 மீட்டர். அங்கே பறவைகளுக்கு ஏறிப்போகக் கொஞ்சம் இடம் மிச்சம் உண்டு. கவாய் தீவின் மிக உயரமான சிகரமோ 1,598 மீட்டர்தான். வெள்ளம் புகுந்த வீட்டில் படிக்கட்டு முடிந்துபோன கதை அந்தத் தீவுப் பறவைகளுடையது.

கவாயின் உச்சியில் அலகாய் என்றொரு மேட்டுநிலம். வருடம் முழுக்க மழை, சேறு, பாசி போர்த்திய ஓஹியா மரங்கள். 1980களில்கூட அங்கே கவாய் ஓ-ஓ என்ற கரும்பறவை பாடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஓர் ஆண் மட்டும் மிஞ்சி, ஜோடியை அழைத்துப் பாடிய குரல் ஒலிநாடாவில் இருக்கிறது. 1987க்குப் பிறகு யாரும் அதைக் கேட்கவில்லை. அதோடு போனது ஓர் இனம் மட்டுமல்ல. ஹவாயில் மட்டுமே வாழ்ந்த ஐந்து இனங்கள் கொண்ட ஒரு பறவைக் குடும்பமே முடிந்துபோனது.

இப்போது அதே காட்டில் அகிகிகியின் முறை. சாம்பல் முதுகும் வெள்ளை வயிறும் கொண்ட, கையளவுகூட இல்லாத பறவை. கிளைகளில் மேலும் கீழுமாக ஊர்ந்து பட்டை இடுக்குகளில் பூச்சி தேடும். 2012 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 468 பறவைகள் இருந்தன. 2023இல் காட்டில் இருப்பதாக அறியப்பட்டவை ஐந்து. பத்தே ஆண்டுகளில் இப்படி ஓர் இனம் கரைந்ததற்குத் துப்பாக்கியும் கோடரியும் தேவைப்படவில்லை.

இந்த முடிவை எதிர்பார்த்து 2015 முதல் ஒரு குழு முட்டைகளைச் சேகரிக்கத் தொடங்கியது. ஓஹியா மரத்தின் மெல்லிய உச்சிக் கிளையில் கூடு இருக்கும். ஆள் ஏறினால் கிளை முறியும். அதனால் சுமார் 12 மீட்டர் நீள ஏணியை ஹெலிகாப்டரில் கொண்டுபோய், சேற்றில் நிறுத்தி, நாலாபுறமும் கயிறு கட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் அதன் உச்சிவரை ஏறி விரல்நுனி அளவு முட்டைகளை எடுத்துக் கதகதப்பான பெட்டியில் வைத்து இறக்கினார். இன்று பெருந்தீவிலும் மவுயியிலும் உள்ள இரண்டு காப்பகங்களில் வாழும் அகிகிகிகளில் பெரும்பாலானவை அந்த முட்டைகளிலிருந்து பொரித்தவையும் அவற்றின் வாரிசுகளும்தான். சில டஜன் பறவைகள். 2023 ஆகஸ்டில் மவுயியைத் தீ தின்றபோது, காப்பகத்தின் வேலியோரம்வரை நெருப்பு வந்துவிட்டது. அங்கே தங்கியிருந்த பணியாளரும் பக்கத்து வீட்டுக்காரரும் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயையும் தீயணைப்பானையும் வைத்துக்கொண்டு விடியும் முன் அதைத் தடுத்து நிறுத்தினார்கள். ஒரு பறவை இனத்தின் கணிசமான பகுதி அன்று அந்த ரப்பர் குழாயால் பிழைத்தது.

மலையுச்சி ஈரக்காட்டில் கொசு முட்டையிடத் தேங்கிய நீர் ஏது என்று கேட்கலாம். மழை பெய்தாலும் எரிமலை மண் நீரை உறிஞ்சிவிடும். அங்கேதான் காட்டுப்பன்றி உதவிக்கு வருகிறது. ஆள் உயரத்துக்கு மேல் வளரும் மரப்பெரணியின் தண்டுக்குள் மாவுச்சத்து உண்டு. பன்றி அதை முட்டிச் சாய்த்து, நடுவில் குடைந்து தின்றுவிட்டுப் போகும். மிஞ்சுவது தொட்டிபோலக் குழிந்த ஒரு தண்டு. அடுத்த மழையில் அது நிரம்பும். அடுத்த வாரம் அதில் கொசுப்புழு நெளியும். எனவே ஹவாயில் பறவை காப்பவர்கள் முதலில் செய்வது வேலி போடுவது. பெருந்தீவில் 1985இல் உருவான ஹகலாவ் சரணாலயத்தில் வேலி போட்டுப் பன்றிகளையும் மாடுகளையும் வெளியேற்றி, மேய்ச்சல் நிலமாகிப்போன சரிவில் பல லட்சம் மரக்கன்றுகளை நட்டார்கள். அங்கே இன்று காடு திரும்பியிருக்கிறது. பறவைகளும் புதுக் காட்டுக்குள் வந்திருக்கின்றன. உயரமும் குளிரும் துணைநிற்கும்வரை இந்த வழி பலிக்கிறது.

உயரம் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. மௌனா கேயாவின் வறண்ட உச்சிக் காட்டில், கொசு எட்டாத இடத்தில், பலிலா என்ற பறவை மாமனே மரத்தின் விதையைத் தின்று வாழ்கிறது. வேட்டைக்காக அங்கே விடப்பட்ட ஆடுகள் அந்த மரங்களைக் கடித்து அழித்தன. 1978இல் பறவையின் பெயரிலேயே வழக்குத் தொடுக்கப்பட்டது. வாதி பலிலா, பிரதிவாதி மாநில அரசுத் துறை. 1979இல் பறவை வென்றது. ஆனால் வேட்டை ஆடுகளை முழுக்க வெளியேற்றும் வேலை இழுத்துக்கொண்டே போனது, வறட்சியும் சேர்ந்துகொண்டது. பலிலா தொடர்ந்து குறைந்து வருகிறது.

காலம் தாழ்த்தினால் என்ன ஆகும் என்பதற்குப் போ-ஓ-உலியைவிடத் தெளிவான சாட்சி இல்லை. முகத்தில் கறுப்பு முகமூடி போட்டதுபோன்ற, நத்தை தின்னும் பழுப்புப் பறவை. 1973இல் ஹாலெயாகலாவின் மழைச்சரிவில் கல்லூரி மாணவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை அறிவியலுக்குத் தெரியாத இனம். 1990களின் இறுதியில் எஞ்சியவை மூன்றே பறவைகள். மூன்றும் வெவ்வேறு இடத்தில், ஒன்றையொன்று சந்திக்காமல் வாழ்ந்தன. 2002இல் பெண் என்று கருதப்பட்ட ஒன்றைப் பிடித்து ஆணின் எல்லைக்குள் கொண்டுபோய் விட்டார்கள். மறுநாளே அது தன் பழைய இடத்துக்குப் பறந்துவிட்டது. 2004 செப்டம்பரில் ஒற்றைக் கண் பார்வையோடு இருந்த ஒன்றைப் பிடித்துக் காப்பகத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஜோடி தேடிய குழுவினர் மலையில் அலைந்தும் மற்ற இரண்டும் அகப்படவில்லை. நவம்பர் இறுதியில் அது இறந்தது. உடலில் மலேரியா ஒட்டுண்ணி இருந்தது. அதன் திசுவை உறைபதனத்தில் வைத்திருக்கிறார்கள்.

அதே மலையில் கிவிகியுவுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று ஒரு பெருமுயற்சி நடந்தது. மொத்தம் 150 பறவைகள்கூடத் தேறாத இனம். ஜோடிக்கு ஆண்டுக்கு ஒரு குஞ்சுதான். ஹாலெயாகலாவின் மறுசரிவில் நகுலா என்ற இடத்தில் பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கான கன்றுகளை நட்டுக் காட்டை வளர்த்து, 2019 அக்டோபரில் 14 பறவைகளைக் குடியேற்றினார்கள். அந்த உயரத்தில் மலேரியா குறைவாகவே இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. சில வாரங்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறவைகள் விழுந்தன. கோடு எதிர்பார்த்ததைவிட மேலே போய்விட்டிருந்தது. 2021இல் தற்செயலாக ஓர் ஆண் பறவை அங்கே உயிரோடு காணப்பட்டது. பதினான்கில் அது ஒன்று. காடு வளர்ப்பதை எவ்வளவு அக்கறையோடு செய்தாலும் கொசுவை ஒழிக்காமல் ஒன்றும் நிலைக்காது என்பது அந்த அக்டோபரில் எல்லாருக்கும் உறைத்தது.

கொசுவை ஒழிக்கும் வழி ஏற்கெனவே தெரிந்திருந்தது. வார்னர் கட்டுரைக்கு முந்தைய ஆண்டு, 1967இல், ஹானஸ் லாவன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி பர்மாவில் ரங்கூனுக்கு அருகே ஓக்போ என்ற கிராமத்தில் ஒரு சோதனை நடத்தினார். வேறு வகைக் கொசுக்களின் ஆண்களை வளர்த்து அங்கே பறக்கவிட்டார். உள்ளூர்ப் பெண் கொசுக்கள் அவற்றோடு கூடி இட்ட முட்டைகள் பொரிக்கவே இல்லை. கிராமத்தில் கொசுப் பெருக்கம் நின்றது. அவர் தேர்ந்த கொசு இதே கியூலெக்ஸ்தான். யானைக்கால் நோய்க்கு எதிரான முயற்சி. காரணம் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா என்பது சில ஆண்டுகளில் தெரிந்தது. கொசுவின் செல்லுக்குள் வாழும் இந்தப் பாக்டீரியாவில் பல வகைகள் உண்டு. ஆணிடம் உள்ள வகை பெண்ணிடம் இல்லாவிட்டால் முட்டை கருவிலேயே அழிந்துவிடும். நோய் இன்னது என்று ஹவாயில் கண்டுபிடித்ததும், அதைப் பரப்பும் கொசுவை விஷமின்றி ஒடுக்கலாம் என்று பர்மாவில் காட்டியதும் அடுத்தடுத்த ஆண்டுகளில் நடந்தவை. இரண்டையும் ஒன்றுசேர்த்துப் பார்க்க அரை நூற்றாண்டு யாரும் பணம் ஒதுக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் ஓ-ஓவும் போ-ஓ-உலியும் போயின.

2023 நவம்பரில் மவுயியின் கிழக்குச் சரிவில் ஹெலிகாப்டரிலிருந்து முதல் கொசுக்கள் இறங்கின. கலிபோர்னியாவில் வளர்க்கப்பட்ட ஹவாய்க் கொசுவின் ஆண்கள் இவை. அவற்றின் சொந்த வோல்பாக்கியாவை நீக்கி, ஆசியப் புலிக்கொசுவிடமிருந்து எடுத்த வேறொரு வகையை ஏற்றியிருந்தார்கள். மக்கிப்போகும் சிறு உறைகளில் அடைத்து, வாரத்துக்கு இரண்டரை லட்சம் என்ற கணக்கில் தொடங்கி, பிறகு கவாயிலும் விடலானார்கள். 2025இல் டிரோன்களும் சேர்ந்தன. மலைமேட்டில் மேகம் இறங்கினால் ஹெலிகாப்டர் போக முடியாது. ஆள் இல்லாத டிரோனை அனுப்புவதில் அந்த அபாயம் இல்லை. புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திகள் ஆய்வு மையமும் டெங்குவுக்கு எதிராக ஏடிஸ் கொசுக்களில் இதே வகை வோல்பாக்கியாவை ஏற்றி வளர்த்திருக்கிறது. அங்கே நோக்கம் வேறு, பயன்படும் பாக்டீரியா அதே.

லட்சக்கணக்கில் கொசுக்களைக் கொண்டுவந்து விடுவதா என்று மவுயியில் சிலர் அஞ்சினார்கள், வழக்கும் போட்டார்கள். அஞ்சியதில் வியப்பில்லை, வெளியிலிருந்து கொண்டுவந்த ஒவ்வொன்றும் அந்தத் தீவுகளைக் கெடுத்த வரலாறு அவர்களுக்குத் தெரியும். ஆனால் ஆண் கொசு கடிக்காது, நோய் பரப்பாது. கொசு இல்லாமலேயே பல லட்சம் ஆண்டுகள் செழித்த காடு அது. கொசுவை நம்பி வாழும் ஹவாய் உயிரினம் ஒன்றும் இல்லை. இதைவிடக் கேடு குறைந்த வேறு வழியை யாரும் முன்வைக்கவும் இல்லை.

இயற்கையே வழி காட்டும் என்று காத்திருக்கலாமே என்பவர்கள் அமகிஹியைச் சுட்டுவார்கள். பச்சை மஞ்சள் நிறச் சிறு பறவை. பெருந்தீவின் தாழ்நிலத்தில் மலேரியாவைத் தாங்கிப் பிழைத்த அமகிஹிகள் பெருகி வருகின்றன. உண்மைதான், மகிழ்ச்சியான உண்மை. ஆனால் அமகிஹி எண்ணிக்கையில் பெருத்த இனம். நூற்றில் தொண்ணூறு செத்தாலும் தாங்கும் உடல்வாகு கொண்ட சில மிஞ்சி, அவற்றின் குஞ்சுகள் பரவ இடம் இருந்தது. 150 பறவைகள் உள்ள கிவிகியுவுக்கு அந்தச் சூதாட்டத்தில் இறங்க ஆள்பலம் இல்லை.

மவுயியில் மட்டும் திட்டம் நடக்கும் பரப்பு ஏறக்குறைய 26,000 ஹெக்டேர். பெரும்பகுதிக்குப் பாதையே கிடையாது. காட்டுக் கொசுவின் ஆண்களைப் பல மடங்கு மிஞ்சும் அளவுக்கு வளர்ப்புக் கொசுக்கள் வாரந்தோறும் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் கீழ்ச்சரிவிலிருந்து கொசுக்கள் மறுபடியும் ஏறிவிடும். கூடவே அலகாயில் எலிப்பொறிகளைப் பராமரிக்க வேண்டும், வேலிகளைச் சரிபார்க்க வேண்டும். ஓஹியா மரங்களைக் கொல்லும் புதுப் பூஞ்சை நோய் ஒன்று 2014இல் அடையாளம் காணப்பட்டு, 2018இல் கவாய்க்கும் வந்துவிட்டதால், காட்டுக்குள் நுழையும் ஒவ்வொருவரும் காலணிச் சேற்றைத் தேய்த்துப் போக்கி ஆல்கஹால் தெளித்துக்கொள்ள வேண்டும். மேட்டுநிலத்தில் கொசு அடங்கியது என்று உறுதியானால் முதலில் திரும்பிப் போக வேண்டியவை காப்பகத்து அகிகிகிகள். அவற்றில் பல கூண்டில் பிறந்தவை, அலகாயைப் பார்த்தே இராதவை. காட்டில் கூடு எங்கே கட்டுவது, பட்டை இடுக்கில் எதைத் தேடுவது என்று காட்டிக்கொடுக்க மூத்த பறவைகள் அங்கே மிஞ்சியிருக்கப்போவதில்லை. அதற்கான பயிற்சியையும் காப்பகக் கூண்டுகளுக்குள்ளேயே, ஓஹியாக் கிளைகளை வெட்டி வைத்து, இப்போதே தொடங்கியாக வேண்டும்.